ஜிமெயிலிலிருந்து சொந்த டொமைனுக்கு: மெயிலை மாற்றும் முழு வழி

மெயில் முகவரியில் @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் பெயர் யாருடையதோ, முகவரியும் அவருடையதுதான். ஜிமெயில் வந்தது 2004 ஏப்ரல் 1 அன்று. அதற்குப் பின் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் படித்து வெளியே வந்த தலைமுறை அதில்தான் முதல் கணக்கைத் திறந்தது. அதே முகவரியை வங்கிக்குக் கொடுத்தோம், பான் கார்டுக்குக் கொடுத்தோம், ஜிஎஸ்டிக்குக் கொடுத்தோம், பெண் பார்க்க ஜாதகம் அனுப்பவும் கொடுத்தோம். அந்தக் கணக்கு ஒருநாள் காரணம் தெரியாமல் பூட்டிக்கொண்டால் போய் நின்று கேட்க ஒரு கவுன்ட்டர் கிடையாது. ஒரு படிவம் இருக்கும். அதை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு வழி, முகவரியையும் பெட்டியையும் பிரிப்பது. முகவரி உங்கள் டொமைனில், அதாவது @ குறிக்கு வலப்பக்கம் நீங்கள் பதிந்து வைத்த பெயரில், இருக்கும். பெட்டி, அதாவது மெயில் வந்து சேரும் இடம், ஏதோ ஒரு நிறுவனத்தில் இருக்கும். அந்த நிறுவனம் பிடிக்காமல் போனால் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கே கொடுத்த முகவரி அப்படியே நிற்கும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான். வெறும் யூடியூப் லாகினுக்கு மட்டும் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. "சொந்த டொமைன்" என்று வாய் சொல்லும். உள்ளபடி அது நம்ம ஊர்க் குத்தகைத் தோட்டம் மாதிரி, கெடு தவறாமல் பணம் கட்டும்வரைதான் நமது. அதனால் இந்த வழிகாட்டியில் டிஎன்எஸ்ஸுக்கு (டொமைனின் மெயிலும் வெப்சைட்டும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு) மட்டுமல்லாமல் புதுப்பித்தலுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கணக்கெடுப்பு

டொமைன் வாங்கும் முன்பே, பழைய மெயில் முகவரி எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறங்கள். நீங்கள் மறந்தே போன தளமெல்லாம் அதில் இருக்கும். அடுத்து ஜிமெயிலின் தேடல் பெட்டியில் ஓடிபி, ஸ்டேட்மென்ட், வெரிஃபை, இன்வாய்ஸ், பாலிசி என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மெயில் அனுப்பும் இன்சூரன்ஸ், எப்போதோ வாங்கிவிட்ட மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் அதில்தான் தலைகாட்டும்.

கிடைத்ததை ஒரு நோட்டில் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். பணமும் அரசும் ஒரு பத்தி. ஆட்கள் ஒரு பத்தி. மற்றதெல்லாம் மூன்றாவது. அந்த மூன்றாவது பத்தியில் பாதியை மாற்றவே வேண்டாம், பழைய பெட்டியிலேயே கிடக்கட்டும். நோட்டு என்று சொல்வது நோட்டைத்தான். இந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும். மேசை மேல் கண்ணில் படுகிற மாதிரி ஒன்று இருந்தால்தான் முடியும்.

போனில் சொன்னால் புரியும் பெயர்

டொமைன் பெயருக்கு நான் வைக்கும் ஒரே சோதனை, போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக எழுத வேண்டும். இதில் நம் பெயர்கள் பாடாய்ப் படுத்தும். பழனிசாமியை ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதுவார்கள், இசட் ஹெச் போட்டும் எழுதுவார்கள். சாமிக்கு எஸ் ஏ எம் ஒய், எஸ் டபிள்யூ ஏ எம் ஐ, சி ஹெச் ஏ எம் ஒய் என்று ஆளுக்கு ஒரு வழி. செந்தில் என்றால் டி-க்குப் பின் ஹெச் உண்டா இல்லையா என்று கேட்பார்கள். ஆகவே கூடியவரை ழகரம், தகரம், இரட்டை எழுத்து வராத சின்னப் பெயராகப் பாருங்கள். நடுவில் கோடு வேண்டாம், எண் வேண்டாம். ஊர்ப்பெயர், தோட்டத்துப் பெயர், இனிஷியலோடு சேர்ந்த சுருக்கம் எல்லாம் நன்றாகவே அமையும்.

வால் பகுதிக்கு டாட் இன் அல்லது டாட் காம் போதும். டாட் இன் டொமைன்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. புதிது புதிதாக வந்திருக்கும் வால்கள் முதல் வருடம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சில பழைய படிவங்கள் அவற்றை மெயில் முகவரியாகவே ஏற்காது. தமிழிலேயே டாட் இந்தியா என்ற வாலும் இருக்கிறது. ஆசைக்கு வாங்கி வெப்சைட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வங்கிப் படிவத்தில் தமிழ் எழுத்தில் மெயில் முகவரி நுழையும் காலம் இன்னும் வரவில்லை.

பெயர் எவ்வளவு எளிதாக இருந்தாலும் கவுன்ட்டரில் இப்படி ஒரு பேச்சு நடக்கும், தயாராக இருங்கள்:

"மெயில் ஐடி சொல்லுங்க சார்."

"ரவி அட் மேட்டுக்காடு டாட் இன்."

"ரவி மேட்டுக்காடு அட் ஜிமெயில் டாட் காமுங்களா?"

"இல்லீங்க, ஜிமெயில் கிடையாதுங்க. அட்டுக்கு அப்புறம் மேட்டுக்காடு, டாட் இன், அவ்வளவுதானுங்க."

"மேட்டுக்காடுங்கறது கம்பெனி பேருங்களா?"

"எங்க தோட்டத்துப் பேருங்க."

"ஓ. அப்ப ஜிமெயில் வேண்டாங்களா?"

பேசிப் புரிய வைப்பதைவிட, பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நீட்டிவிடுவது மேல். அவர் தட்டி முடித்ததும் திரையை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். பழக்கத்தில் டாட் இன்னுக்குப் பதில் டாட் காம் தட்டுவது சாதாரணம். கையில் காசு இருந்தால் இரண்டு வாலையும் வாங்கிப்போடுவது இதற்காகத்தான்.

டொமைன் வாங்கும்போது

முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 99 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருக்கும். புதுப்பிக்கும் விலை கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சாதாரண டொமைனுக்கு வருடம் ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தலையில் கட்டப் பார்க்கும் வெப்சைட் பில்டர், எஸ்எஸ்எல், பிரீமியம் டிஎன்எஸ் எதுவும் மெயிலுக்கு வேண்டாம். டாட் இன் வாங்கும்போது அடையாளச் சான்று கேட்கலாம். கேட்டால் உடனே கொடுத்து முடித்துவிடுங்கள், இழுத்தடித்தால் டொமைனை நிறுத்தி வைப்பார்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் லாகினில் இருக்க வேண்டும். கொங்கு நாட்டில் பல கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்த ஆளே டொமைனையும் அவர் கணக்கில் வாங்கி வைத்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, அவருக்கு அது சௌகரியம். அவர் துபாய்க்கு வேலைக்குப் போன பிறகுதான் நமக்கு விஷயமே தெரியவரும். ஏற்கெனவே கம்பெனிக்கு டொமைன் இருந்தால், வேறெதுவும் செய்யும் முன் அந்த லாகினைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்தவர் (ரெஜிஸ்ட்ரன்ட்) என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

டொமைன் விற்ற இடத்தில் உங்கள் தொடர்பு மெயிலாக அந்த டொமைனின் முகவரியையே கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் மெயிலும் நிற்கும். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு வந்து சேர இடமே இருக்காது. அங்கே மட்டும் பழைய ஜிமெயில் இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) போடுங்கள், டொமைனை வேறு இடத்துக்கு யாரும் மாற்றாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டோ ரினியூவலை நம்பலாமா? நம் ஊர் கார்டில் நம்பாதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முறையாகப் பதிவு செய்த ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் பல அந்த ஏற்பாட்டைச் செய்யாது, நம் கார்டு சத்தமில்லாமல் மறுத்துவிடும். அதனால் ஐந்து வருடத்துக்கோ அதற்கு மேலோ ஒட்டுக்காகக் கட்டிவிடுங்கள். டாட் காமையும் டாட் இன்னையும் பத்து வருடம்வரை முன்கூட்டிப் பதிந்து வைக்கலாம்.

பெட்டியை யாரிடம் வைப்பது

பெட்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜோஹோ மெயில் நம்மூர் நிறுவனத்துடையது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தென்காசிப் பக்கம் கிராமத்திலும் அலுவலகம் போட்டவர்கள். சொந்த டொமைனோடு ஐந்து பேர்வரை, ஆளுக்கு 5 ஜிபி என்று இலவசத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் ஐமேப் (வேறு மெயில் ஆப்பிலிருந்தும் பெட்டியைத் திறக்க விடும் முறை) கிடையாது, அதாவது அவர்களுடைய ஆப், அவர்களுடைய இணையதளம் இரண்டில் மட்டும்தான் பார்க்க முடியும். அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ வேண்டுமானால் பணம் கட்டும் திட்டம்; அதுவும் ரூபாயிலேயே, கொள்ளை விலை இல்லாமல் இருக்கிறது.

புரோட்டான் மெயில் 2014-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. உள்ளே இருப்பதை அவர்களே படிக்க முடியாதபடி பூட்டி வைப்பதுதான் அதன் பெருமை. சொந்த டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் வேறு மெயில் ஆப் வைத்துப் பார்க்க பிரிட்ஜ் என்ற இன்னொரு மென்பொருளையும் ஓடவிட வேண்டும். ஃபாஸ்ட்மெயில் ஆஸ்திரேலியாக்காரர்களுடையது, 1999 முதல் மெயில் ஒன்றையே தொழிலாக நடத்துகிறார்கள். ஐபோன் வைத்திருந்து ஐகிளவுடுக்கு ஏற்கெனவே மாதாமாதம் கட்டுபவர்களுக்கு அதிலேயே சொந்த டொமைன் சேர்க்கும் வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஜிமெயிலின் முகம்தான் பழக்கம், அது வேண்டும் என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ். குடும்பத்துக்கு ஜோஹோ, கம்பெனிக்கு வொர்க்ஸ்பேஸ் அல்லது ஜோஹோவின் பணத்திட்டம் என்பது என் கணக்கு. வீட்டிலேயே சொந்த சர்வர் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து போகும் மெயிலை உலகத்தில் யாரும் இன்பாக்ஸில் சேர்க்க மாட்டார்கள்.

டிஎன்எஸ்: பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கண் கூர்மையாக இருக்க வேண்டும்

புது நிறுவனத்தில் கணக்குத் திறந்து டொமைனைச் சேர்த்ததும் அது சில வரிகளைக் கொடுக்கும். அவற்றை டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் சேர்க்க வேண்டும். கையால் தட்டாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள்.

முதல் வரி டெக்ஸ்ட் ரெக்கார்டு, டொமைன் உங்களுடையது என்பதற்குச் சான்று. போட்ட சில நிமிடத்தில் புது நிறுவனம் அதைக் கண்டுகொள்ளும்; சில நேரம் ஓரிரு மணி ஆகும். அது பச்சை காட்டிய பிறகு புதுப் பெட்டியை உருவாக்குங்கள். பெட்டி இல்லாமல் மெயிலைத் திருப்பினால் வருகிற மெயிலெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

அடுத்து எம்எக்ஸ். இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும் என்று சொல்வது இதுதான். பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும். சின்ன எண்ணுக்கு முதல் உரிமை. ஜோஹோ 10, 20, 50 என்று மூன்று வரி தரும். வொர்க்ஸ்பேஸ் இப்போது ஒரே வரி. ஜோஹோவில் இந்தியக் கணக்குக்கு டாட் இன் சர்வர், வெளிநாட்டுக் கணக்குக்கு வேறு. யூடியூப் வீடியோவில் யாரோ போட்டதைப் பார்த்து டாட் காம் சர்வரைப் போட்டால் ஒன்றும் வராது. உங்கள் திரை என்ன காட்டுகிறதோ அதையே போடுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாமா ஒருவர் இந்த இடத்தில்தான் போன் செய்தார். "ஏனுங்க மாப்ள, சொன்னதெல்லாம் போட்டாச்சு, ஒரு மெயிலும் வர மாட்டேங்குதே?" திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹோஸ்ட் என்ற கட்டத்தில் டொமைனின் முழுப்பெயரையும் தட்டியிருந்தார். அந்தத் தளம் தானாகவே கடைசியில் டொமைனை ஒட்டிக்கொள்ளும் ரகம், ஆக பெயர் இரண்டு தடவை வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் @ குறி மட்டும் போட வேண்டும். சில தளங்களில் காலியாகவே விட வேண்டும். அதே படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. டொமைன் விற்ற நிறுவனம் தன் கணக்குக்குப் போட்டு வைத்த பழைய எம்எக்ஸ் வரி அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பழையதும் புதியதும் சேர்ந்து இருந்தால் மெயில் ஒருமுறை இங்கே போகும், ஒருமுறை அங்கே போகும். பழைய வரிகளை அழித்தே ஆக வேண்டும்.

அழிக்கும் வேகத்தில் வெப்சைட்டையும் சாய்த்துவிடாதீர்கள். அதே டொமைனில் கம்பெனி வெப்சைட் ஓடினால், வெப்சைட் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏ ரெக்கார்டையும் சிநேம் ரெக்கார்டையும் தொடவே கூடாது. "எங்கள் நேம்சர்வருக்கு மாறிவிடுங்கள், சுலபம்" என்று புது நிறுவனம் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் இடம்தான் நேம்சர்வர், அது மாறினால் பழைய வரிகள் எல்லாம் ஒட்டுக்காகப் போய்விடும். மாற்றும் முன் டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது பெரிய உபகாரம். ஓடிக்கொண்டிருக்கும் மெயிலை மாற்றுபவர்கள் ஒருநாள் முன்பே டிடிஎல் என்ற எண்ணை 300 ஆகக் குறைத்துவிடுங்கள். பழைய தகவலை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண் அது. குறைத்து வைத்தால் மாற்றம் ஐந்து நிமிடத்தில் பரவும்.

அனுப்பும் பக்கத்துக்கு மூன்று வரிகள்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. வேறு ஒரு சேவையும் உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறது என்றால், அதையும் அதே வரிக்குள் சேருங்கள். ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் கையெழுத்தைப் போடுவது டிகிம். அதன் சாவி நீளமாக இருக்கும், ஒட்டும்போது நடுவில் இடைவெளியோ வரி முறிவோ நுழையாமல் பாருங்கள். போட்டதும் புது நிறுவனத்தின் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அதை இயக்கவும் வேண்டும். பலர் வரியை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் இரண்டும் தவறிய மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். முதலில் "ஒன்றும் செய்யாதே, தகவல் மட்டும் அனுப்பு" என்ற 'நன்' (none) நிலையில் வைத்து, ஒரு மாதம் சிக்கல் இல்லாவிட்டால் குவாரன்டைனுக்கு, அதாவது ஸ்பாமில் ஒதுக்கும் நிலைக்கு, ஏற்றுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டது. ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும். நாம் அத்தனை அனுப்பப்போவதில்லைதான். இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், அரைமணி நேர வேலை.

சோதிக்க, புது முகவரியிலிருந்து ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, அதை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஒரிஜினலை அழுத்துங்கள். மேலேயே மூன்று பெயருக்கும் நேராகப் பாஸ் என்று வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பழைய மெயில்களைக் கொண்டுவருவது

கூகுள் டேக்அவுட் வழியாக மெயில் முழுவதையும் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கி, ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். அதன் பிறகு புது நிறுவனத்தின் இம்போர்ட் கருவியை ஓடவிடுங்கள். அது ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (அந்த ஒரு கருவிக்கு மட்டுமான தனிப் பாஸ்வேர்டு) உருவாக்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை ரத்து செய்துவிடுங்கள்.

ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிக்கு மேல் ஜிமெயில் விடாது. 12 ஜிபி பெட்டிக்கு ஐந்து நாள் ஆகும். பாதியில் நின்றுவிட்டது என்று பதற வேண்டாம். ஜிமெயிலில் லேபிள் ஒவ்வொன்றும் ஐமேப்பில் ஒரு ஃபோல்டராகத் தெரியும், ஆல் மெயில் தனியாகவும் தெரியும். அப்படியே இழுத்தால் ஒரே மெயில் இரண்டு மூன்று தடவை வந்து இடத்தை அடைக்கும். லேபிள்கள் முக்கியம் இல்லை என்றால் ஆல் மெயிலை மட்டும் இழுங்கள். சொல்லப்போனால் எல்லாப் பழைய மெயிலும் புதுப் பெட்டியில் வேண்டும் என்று இல்லை. கடைசி மூன்று வருடத்தை மட்டும் கொண்டுவந்து, மற்றதை ஹார்ட் டிஸ்கிலும் பழைய ஜிமெயிலிலும் விட்டால் போதும்.

தொடர்புகளை விகார்டு கோப்பாக எடுங்கள். சிஎஸ்வியாக எடுத்து எக்செலில் திறந்து சேமித்தால் தமிழில் எழுதி வைத்த பெயரெல்லாம் கொத்துக்கறி ஆகிவிடும்.

பழையதிலிருந்து புதியதுக்குத் திருப்பிவிடுதல்

ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியில் புது முகவரியைச் சேர்த்தால் உறுதிப்படுத்தும் எண் ஒன்று புதுப் பெட்டிக்கு வரும். அதைப் போட்டு, ஒரு பிரதி ஜிமெயிலிலும் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். புதுப் பெட்டியில் ஒரு விதி எழுதுங்கள்: பழைய ஜிமெயில் முகவரிக்கு வந்த மெயில் எல்லாம் "பழசு" என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். அந்த ஃபோல்டரில் எது வந்து விழுந்தாலும், அங்கே இன்னும் முகவரி மாற்றவில்லை என்று பொருள். கணக்கெடுப்பில் விட்டுப்போனதெல்லாம் இதில் தானாக வந்து மாட்டும்.

ஸ்பாம் என்று ஜிமெயில் ஒதுக்கியவை திருப்பி அனுப்பப்படாது. மாதம் ஒருமுறை பழைய பெட்டிக்குள் போய் ஸ்பாமைப் பார்த்துவிட்டு வாருங்கள். திருப்பிவிடும் மெயிலில் எஸ்பிஎஃப் பொருந்தாமல் போவது இயல்பு என்பதால் புதுப் பெட்டியின் ஸ்பாமையும் ஆரம்பத்தில் அடிக்கடி பாருங்கள்.

ஒவ்வொரு இடமாக மாற்றுவது

நாள் பிடிக்கும் வேலை இது. புது முகவரியை ஓரிரு வாரம் ஓட்டிப் பார்த்து, வருவதும் போவதும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே வங்கியில் கை வையுங்கள். முதலில் ஓடிபி மெயில் மட்டும் வரும் சின்ன இடங்கள்: ரயில் டிக்கெட், கேஸ், ஷாப்பிங். பிறகு இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு, டீமேட். கடைசியில் வங்கியும் வரியும்.

வருமான வரித் தளத்தில் லாகின் பான் எண்ணில்தான், மெயில் வெறும் தொடர்பு விவரம். புரொஃபைலுக்குள் போய் மாற்றி ஓடிபி போட்டால் ஆயிற்று. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை மாதத்தில் மட்டும் வேண்டாம். ஜிஎஸ்டியில் மெயில் மாற்றம் நான்-கோர் திருத்தத்தில் வரும். ஆதரைஸ்டு சிக்னேட்டரி பகுதியில் மாற்ற வேண்டும். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ரிட்டர்ன் கெடு என்பதால் மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு அங்கே பதிவாகியிருப்பது ஆடிட்டர் ஆபீஸின் மெயில். அதை முதலில் பாருங்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

வங்கியில் நெட் பேங்கிங் வழியாக மாற்ற விட்டால் நல்லது. இல்லாவிட்டால் கிளைக்குப் போய்ப் படிவம். மாறிய பிறகு ஒரு சின்னப் பரிவர்த்தனை செய்து மெயில் வருகிறதா பாருங்கள். கார்டு, லோன், எஃப்டி என்று ஒரே வங்கிக்குள் தனித்தனியாகப் பழைய மெயில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மெயிலை மாற்றுவதால் கூகுள் கணக்கு போய்விடாது. ஆண்ட்ராய்டு போன், போட்டோஸ், யூடியூப் எல்லாம் பழைய ஜிமெயில் லாகினில் அப்படியே ஓடும். அதை மாற்றப் போய் வேலையை இரண்டு மடங்காக்க வேண்டாம்.

ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தனியாக

திருப்பூர், கரூர், சென்னிமலைப் பக்கம் வெளிநாட்டு பையரோடு மெயிலில் ஆர்டர் பேசுபவர்கள் இந்தப் பகுதியை நிறுத்திப் படியுங்கள். "எங்கள் மெயில் முகவரி மாறிவிட்டது, இனி இதில் தொடர்பு கொள்ளுங்கள்" என்ற மெயில், மோசடிக்காரன் அனுப்பும் மெயிலைப் போலவே இருக்கும். முதலில் முகவரி மாறும், அடுத்த மெயிலில் வங்கிக் கணக்கு மாறும். இப்படித்தான் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்புவார்கள். விவரமுள்ள பையர் உங்கள் மெயிலைப் பார்த்ததும் பேமென்ட்டை நிறுத்தி வைப்பார், அவர் செய்வது சரியும்கூட.

ஆகவே முதலில் போன் அல்லது வீடியோ அழைப்பு. அதன் பிறகு பழைய முகவரியிலிருந்தே மெயில், புது முகவரி சிசியில். அதில் "வங்கி விவரம் எதுவும் மாறவில்லை, மாறாது, மாறியதாக மெயில் வந்தால் போனில் கேளுங்கள்" என்று ஒரு வரி. ஷிப்மென்ட் நடுவிலோ பேமென்ட் நிலுவையில் இருக்கும்போதோ மாற்றாதீர்கள். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வணிக இயக்குநரகம்) தளத்தில் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்) விவரங்களை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்கத்தானே வேண்டும், மெயிலை அப்போதே சேர்த்து மாற்றிவிடலாம். சரக்கு அனுப்பும் ஏஜென்ட், வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவு, பையரின் கம்ப்ளையன்ஸ் போர்ட்டல் மூன்றும் விட்டுப்போகும் இடங்கள்.

மற்ற எல்லோருக்கும்: ஐந்நூறு பேரை பிசிசியில் போட்டு ஒரே மெயிலாக அறிவிக்காதீர்கள். புது டொமைன் முதல் வாரத்திலேயே அப்படி அனுப்பினால் ஸ்பாம் பட்டியலில் விழும். தினம் பத்துப் பேர் என்று அனுப்புங்கள். ஒறம்பரைக்கு (உறவினர்களுக்கு) வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், அவர்கள் மெயில் அனுப்பப் போவதில்லை.

பழைய ஜிமெயிலும் டொமைன் கெடுவும்

பழைய கணக்கை அழிக்காதீர்கள். இன்சூரன்ஸ், வீட்டு வரி, டீமேட் பராமரிப்பு என்று வருடத்துக்கு ஒரே ஒரு மெயில் அனுப்பும் இடங்கள் இருப்பதால், முழுதாக மாறிவிட்டோம் என்று சொல்லவே ஒரு வருடம் ஆகும். அதற்குப் பிறகும் கணக்கு இருக்கட்டும். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது அவர்களின் விதி, ஆகவே அவ்வப்போது லாகின் செய்யுங்கள். போட்டோவும் டிரைவும் சேர்ந்து 15 ஜிபி நிரம்பிவிட்டால் மெயில் வருவதே நின்றுபோகும், ஃபார்வர்டும் நிற்கும். பெரிய இணைப்புகளை அழித்து இடம் வைத்திருங்கள்.

டொமைன் கெடுவை விட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காலாவதியான சில நாளில் மெயில் நின்றுவிடும். டாட் காம் என்றால் விற்ற நிறுவனம் சில வாரம் அவகாசம் தரும். அதன் பின் 30 நாள் மீட்புக் காலம், கனமான அபராதத்தோடு. பின்னும் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி வாங்கியவர் ஒரு மெயில் பெட்டி திறந்தால், உங்கள் பெயருக்கு வரும் எல்லாமே அவருக்குப் போகும், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு உட்பட. இந்த ஒரே காரணத்தால், கம்பெனியை மூடிவிட்டாலும் அதன் டொமைனைச் சில வருடம் கட்டிக்கொண்டே இருங்கள்.

கடைசியாக ஒரு தாள். டொமைன் எங்கே வாங்கியது, எந்த லாகினில், காலாவதித் தேதி எது, மெயில் பெட்டி எந்த நிறுவனத்தில், இரட்டைச் சரிபார்ப்பின் மீட்பு எண்கள் எவை என்று எழுதி, பத்திரமும் இன்சூரன்ஸும் இருக்கும் பைக்குள் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு என்று போன் காலண்டரில் உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.